முரண்டு பிடித்த உலை

விராட்டிபத்து தாண்டியதும் உக்கிரபாண்டியின் ஸ்கூட்டர் இருமிக்கொண்டே நின்றுவிட்டது. முந்தாநாள் சாயங்காலம்தான் டாங்கை நிரப்பி, கழுவித் துடைத்து, ஆயுத பூஜைக்காக அலுவலக வாசலில் நிறுத்தியிருந்தார். ஹெட்லைட்டில் சந்தனமும் குங்குமமும், ஹேண்டில்பாரில் வாடிய சாமந்தி மாலையுமாக மாப்பிள்ளைக் கோலம் இன்னும் கலையவில்லை. பெட்ரோலைத்தான் காணோம்.

"நிக்க வெச்ச வண்டி பெட்ரோல் குடிக்குமாடா?" என்று கேட்டார்.

"அடிச்ச வெயிலுக்கு ஆவியாப் போயிருக்கும்ணே," என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த சிஹாபுதீன். "மதுரை வெயிலுக்கு மனுசனே ஆவியாப் போறான். பெட்ரோல் எம்மாத்திரம்?"

உக்கிரபாண்டி ரிசர்வுக்குத் திருப்பி உதைத்தார். அவர் ஒரு காலத்தில் சப்-இன்ஸ்பெக்டர். மேலதிகாரி ஒருவரை நேருக்கு நேராக மடையன் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு வந்தவர். அந்த ஆள் மடையன் என்பதில் இன்றுவரை அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை. இப்போது சிம்மக்கல்லில் ஒரு பழ மண்டிக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். சிஹாபுதீன் அவருடைய ஒரே உதவியாளன். வேலையில் பாதியும் வாயில் இரண்டு மடங்கும் காட்டுகிறவன்.

நாகமலை புதுக்கோட்டையில், மலையடிவாரத்துப் பொட்டல் ஒன்றில் அந்தக் கட்டிடம் நின்றது. 'அணுவியல் கணினிப் பயிற்சி நிலையம்' என்ற பலகை கட்டிடத்தை விடப் பெரிதாக இருந்தது. அதன் கீழே, அதே அளவு எழுத்தில், 'இயக்குநர்: டாக்டர் கண்ணுச்சாமி'. இப்படிப் பெயரெழுதிக்கொள்கிற ஆட்களை உக்கிரபாண்டி நிறையப் பார்த்திருக்கிறார். பலகையில் உழைப்பதோடு அவர்கள் உழைப்பு முடிந்துவிடும்.

டாக்டர் கண்ணுச்சாமி போர்ட்டிகோவிலேயே காத்திருந்தார். சஃபாரி சூட், நெற்றி நிறையக் குங்குமம், பளபளக்கும் பூட்ஸ். கை குலுக்கிய கையோடு ஒரு தாளை நீட்டினார்.

"போலீசுக்குப் போனா நிலையத்துப் பேர் கெட்டுடும். அதான் உங்களைக் கூப்பிட்டேன். இதுல இங்க வேலை பாக்குற முத்துத்தாய்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக் குடுத்தா போதும். சாயங்காலத்துக்குள்ள வேணும்."

உக்கிரபாண்டி படித்தார். அணு உலையை வேண்டுமென்றே கெடுத்தது நான்தான் என்று முத்துத்தாய் ஒப்புக்கொண்டு, வேலையையும் ராஜினாமா செய்வதாக டைப் அடித்திருந்தது. குற்றவாளியைப் பிடிக்கும் முன்பே வாக்குமூலம் தயார். போலீசில் இருந்தபோது இந்த வேகத்தில் வேலை பார்த்தவர்களை அவருக்குத் தெரியும். அவர்களில் ஒருவரைத்தான் மடையன் என்று சொன்னார்.

"அணு உலையா?" சிஹாபுதீன் ரெண்டு எட்டு பின்னால் போனான். "அண்ணே, எனக்கு அடுத்த மாசம் நிக்காஹ். நான் வெளியவே நின்னுக்கிறேன்."

கண்ணுச்சாமி பெரிய மனசோடு சிரித்தார். "பயப்படாதே தம்பி. உலை கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. ஒரு சின்ன அணு உலை எப்படி நடந்துக்குமோ அப்படியே கணக்குப் போட்டுத் திரையில காட்டும். காலேஜ் வாத்தியாருங்க வந்து கைப்பட ஓட்டிப் பழகுறாங்க. வெடிச்சாலும் படம்தான்."

"ஆக, உலையும் டூப்பு," என்று சிஹாபுதீன் முன்னால் வந்தான்.

"யார் செஞ்ச ப்ரோக்ராம் இது?" என்றார் உக்கிரபாண்டி.

"என்னோட ஆயுள் உழைப்பு. என் வழிகாட்டுதல்ல அந்தப் பொண்ணு உக்காந்து எழுதிச்சு, அம்புட்டுதான்." கண்ணுச்சாமி குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்குக் காலைல டெல்லியிலேர்ந்து குழு வந்துச்சு. இவங்க சரின்னு சொன்னாத்தான் நிலையத்துக்கு அடுத்த வருஷம் உண்டு. விஜயதசமி, நல்ல நாள். நானே அவங்க முன்னாடி உக்காந்து உலையை ஓட்டினேன். எழும்பவே மாட்டேங்குது. மானம் போச்சு. இப்ப கோயிலுக்குப் போயிருக்காங்க, சாயங்காலம் திரும்பி வருவாங்க. அவ பேரை ப்ரோக்ராம்ல போடலைன்னு அவளுக்கு எம்மேல காய்ச்சல். அதான் கெடுத்துட்டா."

கம்ப்யூட்டர் அறை வாசலில் 'காலணிகளைக் கழற்றவும்' என்று எழுதியிருந்தது. உக்கிரபாண்டியும் சிஹாபுதீனும் கழற்றினார்கள். டாக்டர் கண்ணுச்சாமி பூட்ஸோடு உள்ளே போனார். சட்டம் எழுதியவருக்கு அந்தச் சட்டம் கிடையாது போல.

உள்ளே ஏ.சி. குளிர் எலும்பைத் தொட்டது. வரிசையாக மூன்று திரைகள், மேடையில் தனியாக இயக்குநரின் திரை. ஒவ்வொன்றின் கீ-போர்டிலும், ஓரத்தில் இருந்த சிவப்புப் பொத்தானில் ஒரு பொட்டு. வரிசையின் கடைசித் திரைக்கு முன்னால் முத்துத்தாய் உட்கார்ந்திருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, இயற்பியல் படித்தவள். அழுத கண். ஆனாலும் விரல் கீ-போர்டை விட்டு நகரவில்லை.

"பேசி முடிச்சுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு இயக்குநர் வெளியேறினார்.

"நீங்க கெடுத்தீங்களாம்மா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார் உக்கிரபாண்டி.

"இல்ல சார். ஆனா தப்பு என் கணக்குலதான் எங்கேயோ இருக்கு. காலைலேர்ந்து தேடுறேன், பிடிபட மாட்டேங்குது." அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "கெடுத்தேன்னு கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா தப்பா எழுதிட்டேன்னு போடச் சொன்னா, இப்ப போட்டுருவேன் போலருக்கு."

திருடனைக் கூட உக்கிரபாண்டி சகித்துக்கொள்வார். செய்யாத தப்பை ஒப்புக்கொள்ளத் துடிக்கிற நல்லவர்களைக் கண்டால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் பாதி அயோக்கியர்கள் பிழைப்பதே இவர்களை நம்பித்தான்.

"எழும்பலைன்னா என்னன்னு இவனுக்குக் காட்டுங்க. இவனுக்குப் புரிஞ்சா எனக்கும் புரியும்," என்றார்.

சிஹாபுதீன் உட்கார்ந்தான். முத்துத்தாய் சொல்லச் சொல்ல, கட்டுப்பாட்டுத் தண்டுகளை ஒவ்வொன்றாகத் திரையில் மேலே தூக்கினான். தண்டு மேலே வந்தால் உலையின் சக்தி ஏற வேண்டும். முள் லேசாக அசைந்து, பிறகு சோம்பேறித்தனமாகப் படுத்துக்கொண்டது.

"எங்க மாமு மாதிரியே இருக்கு. எழுப்பினா புரண்டு படுப்பாரு," என்றான்.

முத்துத்தாய்க்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "உண்மையான உலையும் சில சமயம் இப்படித்தான் முரண்டு பிடிக்கும் சார். ரொம்ப நேரம் ஓட்டிட்டு அணைச்சா, உள்ள செனான்னு ஒரு வாயு சேரும். அது நியூட்ரானையெல்லாம் தின்னுரும். நாங்க விஷம்னுதான் சொல்லுவோம். அணைச்ச பிறகுதான் அது இன்னும் கூடும். அப்புறம் தானாக் கரையும். அது கரையற வரைக்கும் தண்டை எம்புட்டுத் தூக்கினாலும் உலை எழும்பாது. பொறுமையா இருக்கணும். அதைப் பழக்கத்தான் இந்தப் பயிற்சியே."

"அப்ப இது விஷம்தானே?"

"அதுதான் சார் குழப்பமே. முந்தாநாள் சாயங்காலமே உலையை அணைச்சாச்சு. நேத்து காலைல பூஜை. எல்லாருமாச் சேர்ந்து சந்தனம் குங்குமம் வெச்சோம். உடனே பூட்டி, சாவியை ஐயா ரூம்ல சரஸ்வதி படத்துக்கு முன்னாடி வெச்சுட்டாங்க. இன்னைக்குக் காலைலதான் எல்லார் கண்ணு முன்னாலயும் திறந்தாங்க. மிஷினை நிறுத்தினாலும் உள்ள பேட்டரிக் கடிகாரம் ஓடும். எம்புட்டு நேரம் ஆச்சுன்னு ப்ரோக்ராமுக்குத் தெரியும். இந்நேரத்துக்கு விஷம் கரைஞ்சிருக்கணும். இப்படி முரண்டு பிடிக்கணும்னா நேத்து யாராவது ரொம்ப நேரம் ஓட்டியிருக்கணும்." அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நேத்து பூஜை சார். யார் தொடுவா?"

"ஆமா," என்றார் உக்கிரபாண்டி. நேற்று அவரே விலங்கு, டார்ச், பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் படத்தின் முன்னால் அடுக்கிவிட்டு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தவர்தான்.

"ஏன் தொட மாட்டாங்க?" என்று கேட்டான் சிஹாபுதீன்.

ரெண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"பூஜைக்கு வெச்ச சாமானைத் தொட மாட்டாங்கடா."

"அதான்ணே கேக்குறேன். பூட்டு இருந்துச்சு, சாவி இருந்துச்சு, கரண்ட் இருந்துச்சு. ஓட்டினா ஓடத்தானே செய்யும்?"

உக்கிரபாண்டி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விராட்டிபத்தில் நின்றுபோன ஸ்கூட்டர் ஞாபகத்துக்கு வந்தது. நிறைந்த டாங்க். கலையாத பொட்டு. காணாமல் போன பெட்ரோல்.

"மாப்ள," என்றார் நிதானமாக. "நேத்து என் வண்டியை எங்க ஓட்டிக்கிட்டுப் போனே?"

சிஹாபுதீன் தலையைச் சொறிந்தான். பிறகு, "உசிலம்பட்டி வரைக்கும்ணே. கல்யாணப் பத்திரிகை வைக்க. நீங்க எப்படியும் எடுக்க மாட்டீங்க, சும்மாத்தானே நிக்குதுன்னு..." என்று இழுத்தான்.

"பொட்டு கலையலையே."

"கலைஞ்சுச்சு. மண்டிக்காரரு வீட்ல சந்தனமும் குங்குமமும் வாங்கித் திரும்ப வெச்சுட்டேன்."

அவனைத் திட்டுவதற்கு உக்கிரபாண்டிக்கு நேரம் இல்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டார். பொட்டைப் பார்த்ததும் வண்டி நின்ற இடத்திலேயே நின்றதென்று நம்பிய மடையன், டாங்கைத் திறந்து பார்த்திருக்க வேண்டாமா? இந்த அறையில் காலையிலிருந்து படித்தவர்கள் எல்லோரும் செய்த காரியமும் அதேதான்.

"அந்தப் பொட்டையெல்லாம் தொட்டுப் பாரு," என்றார்.

சிஹாபுதீன் முதல் கீ-போர்டின் சிவப்புப் பொத்தானைத் தொட்டான். காய்ந்த சந்தனம் உதிர்ந்து, குங்குமம் விரலில் ஒட்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. கடைசியில், மேடையில் தனியாக இருந்த இயக்குநரின் திரைக்குப் போனான். தேய்த்தான். விரல் சுத்தமாக வந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்ததும் விரல் வெளிர்ச் சிவப்பானது.

"அண்ணே, இது குங்குமம் இல்ல. சந்தனமும் இல்ல." முகர்ந்து பார்த்தான். "தபாலாபீஸ் வாசம் வருது. ரப்பர் ஸ்டாம்ப் மை."

"சிவப்புப் பொத்தான் எதுக்கும்மா?"

"அவசரத்துக்கு சார். நாலு திரைக்கும் உலை ஒண்ணுதான். சூடு கட்டுக்கடங்காமப் போனா அதை அமுக்கினா எல்லாத் தண்டும் ஒரேயடியா உள்ள விழும். உலை அணைஞ்சிரும்." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் மாறியது. "சார், அப்ப என் கணக்கு..."

"உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும்மா. இந்தக் கட்டிடத்துல பொய் சொல்லத் தெரியாதது அந்த மிஷின் ஒண்ணுதான். அதைப் போய் எல்லாரும் சந்தேகப்பட்டிருக்கீங்க."

வாசலில் காவலாளி சோணைமுத்து பீடியை அவசரமாக அணைத்தார்.

"அண்ணே, நேத்து பூஜை முடிஞ்ச பிறகு இங்க யாராவது வந்தாகளா?" என்று கேட்டார் உக்கிரபாண்டி.

"ஒரு ஈ காக்கா வரலை. நான் நகரவே இல்லை."

"உங்க ஐயா?"

"ஐயா வந்தாக. அவுக வர்றதெல்லாம் வந்ததுல சேருமா? சாமி விளக்குக்கு எண்ணெய் ஊத்தணும்னு வந்தாக."

"எண்ணெய் ஊத்திட்டு உடனே போயிட்டாரா?"

"இல்லையே. மத்தியானம் வந்தவுக, ராத்திரிக்கு என்னையப் புரோட்டா வாங்கியாரச் சொல்லித் தின்னுட்டுத்தான் போனாக. அவுக போறப்ப சட்டையெல்லாம் வேர்வை. பாவம், பக்தி."

"விளக்கு அம்புட்டுப் பெருசு போல," என்றான் சிஹாபுதீன்.

இயக்குநர் அறையில் ஆள் இல்லை. சரஸ்வதி படத்தின் முன்னால் விளக்கு. காலடியில் ஒரு கிண்ணம், அதில் குங்குமம் துளியும் இல்லை. மேஜை மேல் சிவப்பு மை ஸ்டாம்ப் பேடு திறந்தபடியே கிடந்தது. பக்தியில் கூடக் கஞ்சத்தனம் பார்க்கிற ஆள் என்று உக்கிரபாண்டி எண்ணிக்கொண்டார். சந்தனம் அரைக்கச் சோம்பல், குங்குமம் வாங்கச் சோம்பல். என் உதவியாளன், பூஜையே தெரியாத பயல், இவனை விட ஒழுங்காகப் பொட்டு வைத்திருக்கிறான்.

பொழுது சாய்வதற்குள் டெல்லிக் குழு திரும்பி வந்தது. எல்லோர் நெற்றியிலும் மீனாட்சி கோயில் குங்குமம். குழுவுக்குத் தலைவி தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மையார். பாலக்காட்டுப் பக்கம் பிறந்தவர், தமிழ் நன்றாகவே பேசினார். கண்ணுச்சாமி அவர்களைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்து வந்தார். அவர்கள் செருப்பைக் கழற்றினார்கள், அவர் கழற்றவில்லை.

"காலையில நடந்ததுக்கு மன்னிக்கணும். உள்ளுக்குள்ளேயே ஒரு சதி. இவர் துப்பறியும் நிபுணர், கையும் களவுமாப் பிடிச்சுட்டார்," என்று உக்கிரபாண்டியைக் காட்டினார்.

"பிடிச்சுட்டேன்," என்றார் உக்கிரபாண்டி. "ஆனா உலையை யாரும் கெடுக்கலைம்மா. அது ஒழுங்கா வேலை செய்யுது. மிச்சத்தை இவங்க சொல்லுவாங்க."

முத்துத்தாய் எழுந்தாள். செனான் சேர்வதையும் கரைவதையும் கரும்பலகையில் வளைகோடாகப் போட்டாள். காலையில் எழும்பாத உலைக்கு நேராக ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து கோட்டைப் பின்னால் இழுத்தாள். அது நேற்று ராத்திரியில் போய் நின்றது.

"இந்த நேரத்துல உலையை அவசரமா அணைச்சிருக்காங்க மேடம். அதுக்கு முன்னாடி மத்தியானத்துலேர்ந்து ஓட்டியிருக்காங்க. நேத்து பூஜை, யாரும் தொடலைன்னு எல்லாரும் சொல்றாங்க. அது நிஜம்னா என் ப்ரோக்ராம் தப்பு. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுறேன். யாராவது ஓட்டியிருந்தா ப்ரோக்ராம் சரி."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ப்ரோக்ராம் தப்புன்னா நாங்க பெட்டியைக் கட்டிட்டுப் போறோம். அடுத்த வருஷம் இந்த நிலையம் தேவையில்லை. சரின்னா, இப்படி ஒண்ணை நான் வேற எங்கேயும் பார்த்ததில்லை." அவர் திரும்பினார். "டாக்டர், இதை உருவாக்கினவர் நீங்கதானே? நீங்களே சொல்லுங்க. சரியா, தப்பா?"

தப்பு என்றால் நிலையம் போகும், பலகை போகும், பலகையில் இருக்கிற பெயரும் போகும். சரி என்றால், பூஜை நாளில் மிஷினைத் தொட்ட கை யாருடையது என்று சொல்ல வேண்டும். கண்ணுச்சாமி உக்கிரபாண்டியைப் பார்த்தார். உக்கிரபாண்டி, இயக்குநர் அறை மேஜையிலிருந்து எடுத்து வந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்து சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சரிதான்," என்றார் கண்ணுச்சாமி.

"அப்ப நேத்து ஓட்டினது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"இன்னைக்கு உங்க முன்னாடி ஓட்டணுமே. எனக்கு... பழக்கம் இல்லை. கேட்டுக் கத்துக்கக் கூச்சமா இருந்துச்சு. யாரும் வராத நாளாப் பார்த்து உக்காந்தேன்."

"எதுக்கு அவசரமா அணைச்சீங்க?"

"சூடு ஏறிக்கிட்டே போச்சு. பயந்துட்டேன்."

"படம்தான், வெடிக்காதுன்னு எங்கிட்டச் சொன்னீங்களே சார்," என்றான் சிஹாபுதீன். குழுவில் ஒருவர் கைக்குட்டையை வாய்க்குக் கொடுத்தார்.

உக்கிரபாண்டிக்கு அந்த மனுஷன் மேல் ஒரு துளி இரக்கமும் வரவில்லை. விஷம் என்றால் என்னவென்று தெரியாமலே அதைச் சேர்த்தவன், அதே விஷத்தைக் காட்டி ஒரு பெண்ணின் பிழைப்பில் கை வைக்கப் பார்த்தான். தெரியாமல் செய்ததை விட்டுவிடலாம். அந்தத் தாளை டைப் அடித்தது தெரிந்து செய்தது. அவர் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து முத்துத்தாயிடம் கொடுத்தார்.

அவள் அதைக் கிழிக்கவில்லை. திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வெள்ளையில் ஏதோ எழுதினாள். அம்மையார் எட்டிப் பார்த்தார்.

"நாளைக்குப் புது பேட்ச் தொடங்குது மேடம். வர்றவங்க பேரை எழுதுறேன்," என்றாள் முத்துத்தாய். பிறகு இயக்குநரை நேராகப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்திருக்கவில்லை.

"உங்க பேரைத்தான் மொதல்ல போட்டிருக்கேன் சார். நாளைக்குள்ள விஷம் கரைஞ்சிரும். கத்துக்கலாம். வர்றப்ப பூட்ஸை வெளியே விட்டுட்டு வாங்க."

அறையில் இருந்த எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். டாக்டர் கண்ணுச்சாமி அங்கேயே குனிந்து, லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.